மூன்று முறை பார்த்த காலி லிஸ்ட்

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி சகாயம். புரோகிராம் எழுதும் யாஸ்மின். ஏணி மேல் நின்று ஏசியைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக். அப்புறம் நான்.

ஐந்தாவதாக, விவரம் தெரிந்த ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால்... இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

பாண்டிச்சேரி உப்பளத்தில் ஒரு மாடி அறை. அதுதான் எங்கள் கம்பெனி. வெளிநாட்டுக்குப் போகும் தோல் பை எந்தப் பட்டறையில் தைத்தது என்று பிளாக்செயினில் பதிவு செய்கிற வேலை. பிளாக்செயின் என்றால் என்ன? யாஸ்மின் எனக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே நோட்டின் பிரதியைப் பல கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கும். ஒன்றில் எழுதினால் எல்லாவற்றிலும் ஏறும். யாரும் தனியாக அழித்துவிட முடியாது.

அந்தக் கம்ப்யூட்டர்கள் எங்கள் அறையில் இல்லை. கிளவுடில் இருக்கின்றன – மும்பை, பாரிஸ் என்று எங்கெங்கோ, மணிக்கணக்கு வாடகைக்கு. வேண்டும்போது உருவாக்க வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். மறந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். உருவாக்குவதும் அழிப்பதும் என் பொறுப்பு. மவுஸெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் ஆறு மெஷின் பிறக்கும். இன்னொரு வரி அடித்தால் ஆறும் போய்விடும்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு இந்த வேலையா என்று கேட்கிறீர்களா? நானும்தான் கேட்டேன். சகாயம் என்னோடு படித்தவன். “டேய், கேஸ மூடினோமான்னு பாக்க பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வூட்டுக்குத் திரும்பிப் போற ஆளு நீ. இதுக்கு உன்னவிட்டா யாருடா?” என்றான். யாஸ்மின் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். “புரியலன்னா கேளுங்கண்ணே” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

சகாயம் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தான். “என்னங்கடா நடக்குது இங்க? ஒரு லட்சத்து எண்பத்தி நாலாயிரம் கார்டுலேர்ந்து போயிருக்கு!”

பில்லைத் திறந்தேன். வரி வரியாக என்னென்னமோ இருந்தது. எனக்குப் புரிந்தது கடைசி வரியில் இருந்த தொகை மட்டும். ஓடுகிற மெஷின்களின் லிஸ்டைத் திரையில் கேட்டேன். காலி. மறுபடி கேட்டேன். காலி. மூன்றாவது முறையும் அதேதான்.

“பாரிஸையும் பாத்தீங்களாண்ணே?” என்றாள் யாஸ்மின்.

“எல்லாம் பாத்தாச்சும்மா.”

மெஷினே இல்லை, பில் மட்டும் ஏறுகிறது. சகாயம் என்ன நினைப்பான்? “கம்பெனி காசுல மெஷின் ஓட்டி, திருட்டுத்தனமா பிட்காயின் எடுப்பானுங்களாம், வீடியோல பாத்தேன். இதுக்குச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?” என்றான்.

சாவி என்பது பாஸ்வேர்ட் மாதிரி. என்னிடம் ஒன்று, யாஸ்மினிடம் ஒன்று. வேறு யாரிடமும் இல்லை.

“நான் பண்ணல சகாயம்” என்றேன்.

மூன்றே வார்த்தை. பொய்யும் இல்லை – நான் அப்படித்தான் நம்பினேன். ஆனால் இரண்டு பேரில் ஒருவன் ‘நான் இல்லை’ என்றால் மிச்சம் யார்?

“அப்ப நான்தான்னு சொல்றீங்களாண்ணே?”

“நான் அப்படிச் சொல்லலியேம்மா...”

“வேற எப்படிச் சொல்லுவாங்க? லாக்குன்னு ஒரு பதிவு இருக்கு, எடுத்துப் பாருங்க. யாரு, எப்ப, எங்க மெஷின் போட்டாங்கன்னு ஒவ்வொன்னும் அதுல இருக்கும்.”

தலையாட்டினேன். லாக்கை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

“மொதல்ல அவ சாவிய கட் பண்ணு” என்றான் சகாயம். “கணக்கு தீரட்டும், அப்புறம் சம்பளத்தப் பத்திப் பேசலாம்.”

ஒருவருடைய சாவியை ரத்து செய்யும் கட்டளையும் என் நோட்டில் இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு டைப் அடித்தேன். எழுத்துப் பிழைகூட வரவில்லை.

ஏணி மேலிருந்து குரல் வந்தது. “சார், கேஸ் ஃபில் பண்ணிட்டேன், போட்டுப் பாருங்க.” யாரும் போடவில்லை. யாஸ்மின் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் இடத்துக்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். வந்து உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“சார், பாரிஸ்ல ஆறு மெஷின் ஓடுதே... யாருது?” திரையில் இன்னும் ஏதோ தட்டினார். “லாக்ல உங்க பேர்தான் சார் இருக்கு.”

பாரிஸ்! பாண்டிச்சேரிக்காரன் பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே ஆறு மெஷினைக் குடி வைத்திருக்கிறேன்.

எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூர ஊர் நோட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க, மும்பையில் ஆறு, பாரிஸில் ஆறு என்று போன மாதம் ஒரு நாள் காலையில் போட்டேன். சாயங்காலம் ‘எல்லாவற்றையும் அழி’ என்று ஒரு வரி அடித்தேன். மும்பையில் இருந்தது மட்டும் அழிந்தது. லிஸ்ட் கேட்டாலும் அது மும்பையைத்தான் காட்டும். பாரிஸைத் தனியாகக் கேட்க வேண்டும். இதை யாஸ்மின் அன்றே சொன்னாள், “புரிஞ்சுதாண்ணே?” என்றும் கேட்டாள். “புரிஞ்சுதும்மா” என்றேன். புரியவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை விளக்கியிருந்தாள். மூன்றாவது தடவை கேட்க வெட்கம்.

கவலைப்படுகிறவன் ஜாக்கிரதையானவன் என்று ஊர் நினைக்கிறது. கிடையாது. தெரிந்த பூட்டைத்தான் பத்து தடவை இழுத்துப் பார்ப்பான். தெரியாத கதவு பக்கம் போகவே மாட்டான். ஒன்பதாவது வகுப்பில் கடைசி பெஞ்சில் கற்றுக்கொண்ட வித்தை அது – வாத்தியார் ‘புரிஞ்சுதா’ என்றால் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டுவது. ஐம்பது வயதிலும் கழுத்து அதை மறக்கவில்லை.

சகாயத்திடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. இந்த இரண்டு நாளை நினைத்தால்தான் அதிகமாகக் கூசுகிறது.

யாஸ்மின் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தவர் அவள் அப்பா. “வாங்க, உக்காருங்க. ஆபீஸ்ல அண்ணன் ஒருத்தர் இருக்காரு, நல்லவருன்னு பாப்பா சொல்லும். நீங்கதானா?” என்றார். தண்ணீர் கொடுத்தார்.

யாஸ்மின் வந்து நின்றாள். “லாக் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா.”

“யாரு?”

“நான்தான்.”

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். “பாரிஸும் பாத்தாச்சுன்னு சொன்னீங்களேண்ணே. தெரியலன்னு சொல்லியிருந்தா, நான் ஒரு நிமிஷத்துல பாத்துக் குடுத்திருப்பேன் இல்ல?”

சகாயம் கொடுத்தனுப்பிய சம்பளக் கவரை நீட்டினேன். வாங்கவில்லை. “நீங்க கொண்டாராதீங்க. என்ன வெளிய அனுப்பினவரு, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தரட்டும்.”

அதைச் சகாயத்திடம் சொன்னேன். “அக்கவுண்ட்லயே போட்டு வுட்டுடுறேன்டா. அதுக்கு மேல என்ன, மாலை போட்டுக் கூட்டிட்டு வரணுமா?” என்றான். போட்டும் விட்டான். அன்றைக்கே யாஸ்மின் அதைத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

கிளவுட் பில் தீர்ந்துவிட்டது. அந்தத் தொகையை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறான், பிடிக்கட்டும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சகாயம் இன்னும் சொல்லவில்லை. யாஸ்மினுக்குத் தர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கிறது – முப்பத்திரண்டாயிரம் ரூபாய்.