கியரில் ஒன்றுமில்லை

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து பைக் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் அசையும். அதனால் அந்த மெக்கானிக்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. எல்லோரும் அவரைக் கமுக்கம் என்றுதான் சொல்வோம். வண்டி எப்படி விழுந்தது என்று எவரிடமும் கேட்க மாட்டார் என்பதால் வந்த பெயர்.

முன்பு ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவர். அங்கே வண்டி விழுந்த விதத்தை எழுத ஒரு படிவம் உண்டு. நாலு பேர் முன்னால் அதை நிரப்பும்போது ஒரு பெண் அழுதுவிட்டாளாம். தனியாகக் கடை போட்டால் இந்தக் கேள்வியே கிடையாது என்று அன்றே முடிவு செய்திருக்கிறார்.

அவருக்குக் கேட்கத் தேவையும் இல்லை. ஓடும்போது விழுந்த வண்டியில் கீறல் நீளமாக இழுத்திருக்கும். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டியில் ஒரு புள்ளிதான், ஹேண்டில் முனையில், ஃபுட்ரெஸ்ட் முனையில். கூடவே லீவர் வளைந்திருக்கும். ஆனால் நின்ற இடத்தில் விழுந்தேன் என்று எந்த மனிதர் ஒப்புக்கொள்வார்? நாய் குறுக்கே வந்தது, எவனோ தள்ளிவிட்டுப் போனான். ஒரு வக்கீல் காற்றின் மேல் பழி போட்டார். நானே ஒருநாள் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தப் போய், அதோடு சாய்ந்து, அடியில் கால் மாட்டிக் கிடந்தேன். வலிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன். "லாரிக்காரன் கண்ணு தெரியாம வந்துட்டான்" என்றேன். தெருவில் லாரியே இல்லை. முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்த கமுக்கம், "அவனுங்க அப்படித்தான் அக்கா" என்று லீவரை மாற்றிக் கொடுத்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்படி ஊரார் பொய்க்கெல்லாம் தலையாட்டிய பழக்கம் கடைசியில் அவருடைய மச்சானின் காலில் வந்து விடிந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மருந்துக் கம்பெனி விற்பனையாளர். தோளில் பையோடு தினமும் பத்து டாக்டர் வாசலில் காத்திருப்பார், தனக்காக ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. இருபது வருடம் பைக் ஓட்டிய ஆள். ஒருநாள் இடது பக்கம் புள்ளிக் கீறலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாப்ள, சைடு ஸ்டாண்டு சரியில்ல. கியரும் மேல ஏற மாட்டேங்குது, இறுகிப்போச்சு போல."

"பாத்துடலாம் மச்சான்."

அவர் போனதும் கமுக்கம் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஸ்டாண்டிலும் குறையில்லை. ஆனாலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, "சரி பண்ணிட்டேன்" என்று சாவியைக் கொடுத்தார். மூன்று வாரத்தில் மறுபடி அதே பக்கம், அதே புகார், அதே எண்ணெய்.

மூன்றாவது முறை சிக்னலில், ஒரு பஸ் நிறைய ஜனங்கள் பார்க்க விழுந்திருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு அவர் நடந்து போவதைக் கமுக்கம் பார்த்தார். இடது ஷூவின் முனை மட்டும் தரையில் இழுபட்டுத் தேய்ந்து உள்துணி தெரிந்தது. கியரை மேலே ஏற்ற இடது பாதம்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும். நிற்கும்போது ஊன்றுவதும் அதே கால். கமுக்கம் அன்று ஸ்பேனரையே தொடவில்லை.

"அக்கா, ஒருத்தர்கிட்ட உங்க கால் சரியில்லன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்" என்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

மாலையில் சொல்லிவிட்டார். "வண்டியில ஒண்ணும் இல்ல மச்சான். உங்க கால்லதான் ஏதோ இருக்கு. டாக்டர பாருங்க."

"நான் பாக்காத டாக்டரா? வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க மாப்ள."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அண்ணனை நொண்டி என்று சொல்லிவிட்டாராம், வீட்டில் மனைவி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கமுக்கம் விடவில்லை. தினமும் கடையைப் பூட்டியதும் மச்சான் வீட்டு வாசலில் போய், "கிளம்புங்க" என்று நின்றார். ஐந்தாம் நாள் மச்சான் மாடிப்படியில் தடுக்கி உருண்டார். பழி போட அங்கே வண்டி இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முதுகில் நரம்பு அமுங்கியிருந்தது. ஆபரேஷன் நடந்தது. முதல் தடவை விழுந்தபோதே வந்திருந்தால் கால் முழுதாகத் திரும்பியிருக்கலாம், இனி பாதி வந்தால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாலு மாதம் கழித்து மச்சான் கம்பு ஊன்றி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நான் மெஷினை நிறுத்தினேன். ஒட்டுக்கேட்கத்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

"மச்சான், ஒண்ணு சொல்லணும். நீங்க மொதல்ல வந்தப்பவே கியர்ல ஒண்ணும் இல்ல. தெரிஞ்சேதான் எண்ணெய் விட்டுக் குடுத்தேன்."

மச்சானின் கம்பு தகரத்தில் சாயும் சத்தம் கேட்டது. அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் கமுக்கத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கும் தெரியும் மாப்ள" என்றார் மச்சான். "அப்பவே செருப்பு கால்ல நிக்காது, கழண்டு கழண்டு விழும். கோளாறு வண்டியிலதான்னு நீங்க சொல்லணும்னுதான் இங்க வந்தேன். சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன்."