பல் டாக்டர் வீட்டு வெயில் மறைப்பு

என் அக்கா பொறாமைக்காரி. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன், அவளும் மறுத்ததில்லை. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது வீடே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், தனக்கும் வரட்டும் என்று என் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் அதில் படுத்தவள் அவள். வந்தது. அதற்குள் எனக்குக் குணமாகி, எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அந்தக் கோபத்தை இன்னும் என்மேல்தான் வைத்திருக்கிறாள்.

அக்கா தைக்கிறாள், மாமா மாட்டுகிறார். வாசலுக்கு, பால்கனிக்கு, மொட்டைமாடிக்கு வெயில் மறைப்பு. கடைப் பலகையில் 'ஆனிங்' என்று பெரிதாக எழுதியிருக்கும். வீட்டுக்குள் எங்களுக்கு அது மறைப்புதான். மாமா போய் அளவு எடுத்து, துணித் துண்டுகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு வருவார். அக்கா கனமான மெஷினில் தைப்பாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் நான் பகலில் வந்து ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடிப்பேன், நூல் வெட்டுவேன், வாயடிப்பேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு பட்டறையில் பஸ் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். கிழிந்துபோன மறைப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாமா அங்கே வந்தார். தைத்துக் கொடுத்ததும், தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மழைக்குத் தாங்குமா?" என்று கேட்டாராம். "துணி போனாலும் தையல் போகாது" என்றாளாம் இவள். அத்தோடு விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது.

இத்தனை பேர் வாசலுக்கு நிழல் கொடுத்த இவர்கள் வீட்டு வாசலுக்கு நிழல் கிடையாது. மேற்குப் பார்த்த வீடு. மதியம் சாய்ந்தால் வெயில் நேராக உள்ளே நுழைந்து மெஷின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அக்கா மெஷினை இழுத்து இழுத்துச் சுவரோரம் கொண்டுபோவாள். கடைசியில் வெயில் போகும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு தைப்பாள். மேல்தட்டில் ஒரு சுருள் துணி இருந்தது, நீலக் கோடும் வெள்ளைக் கோடுமாக. வந்த நாளிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஒரு கண். தன் வாசலுக்கு அதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. 'எல்லாரையும் கேக்கறவரு, என்னை மட்டும் கேக்கலையே' என்று ஒரு வீம்பு.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தாள். வந்தாள் என்றால் வீட்டுக்கு வரவில்லை, மாமாவின் பேச்சில் வந்தாள்.

கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒன்று, வீட்டு வாசலுக்கு ஒன்று, மாடியில் உட்காரும் இடத்துக்கு ஒன்று, ஆக மூன்று மறைப்பு. நல்ல வேலை. முதல் நாள் போய்வந்த மாமா சாப்பிட உட்கார்ந்தவர், சும்மா இருந்திருக்கலாம்.

"மாடியை என்ன அழகா வச்சிருக்காங்க தெரியுமா? செடி, பிரம்பு நாற்காலி எல்லாம் போட்டு. டீ குடுத்தாங்க. தனியாதான் இருக்காங்க போல."

அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்த சத்தத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. அவர் துணித் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். நீலக் கோடு.

"மூணுக்கும் இதுதான் கேக்கறாங்க. நம்மகிட்ட ஒரு சுருள் இருக்கில்ல? நீ என்ன சொல்றே?"

அக்காவின் முகம் போன போக்கை நான் சொல்லி முடியாது. வயிறு எரிந்தது அவளுக்கு. அதை அப்புறம் அவளே என்னிடம் சொன்னாள். ஆனால் தொழில்காரி அல்லவா, குரல் மாறவில்லை.

"நீலம் வேணாம். வெயில்ல வெளுத்துப்போயிடும். அப்புறம் உங்க பேருதான் கெடும். வேற பாக்கச் சொல்லுங்க."

மாமா மறுநாளே வேறு துண்டுகளோடு கிளம்பினார். காலை வெளிச்சத்தில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாகத் தெரியும் என்பதால் இரண்டு வேளையும் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார். மற்ற வீட்டில் செய்தபோதெல்லாம் அக்காவுக்கு அது தொழில் சுத்தம். இந்த வீட்டில் செய்தபோது அது வேறு என்னவோ.

மஞ்சள் என்று முடிவாகி வந்தது.

"ஏங்க, பல் ஆஸ்பத்திரி வாசல்ல மஞ்சளா? அதுக்கு அடியில நின்னா எல்லார் பல்லும் மஞ்சளாத்தான் தெரியும். வெள்ளையாக்க வந்தவன் அப்படியே திரும்பிப் போயிடுவான்."

நான் சிரித்துவிட்டேன். மாமாவும் சிரித்தார். மறுநாள் போய் டாக்டரிடம் இதை அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க" என்றார் வந்து.

"யாரு?"

"டாக்டரம்மாதான்."

அன்று சாயங்காலம் அக்கா தைத்த தையலை நான் உட்கார்ந்து பிரித்தேன். அவள் கையில் கோணல் விழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் மாமா சாப்பாடு முடிந்ததும் பல் தேய்க்கத் தொடங்கினார். கல்யாணமானதிலிருந்து காலையில் ஒரு வேளை தேய்த்த மனிதர், அதுவும் அவசர அவசரமாகத் தேய்த்தவர், இப்போது கண்ணாடி முன்னால் நின்று மேலும் கீழுமாகப் பொறுமையாகத் தேய்த்தார். அக்கா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். என்னைத் துவைக்கிற கல்லருகே இழுத்துவந்து கேட்டாள்.

"யாருக்காகடி பல்லு வெளக்கறாரு?"

"பல்லுக்காகத்தான் இருக்கும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இந்த மெஷின்ல உக்காந்து கண்ணு போயிட்டிருக்கேன். அங்க பிரம்பு நாற்காலி, டீ, சிரிப்பு. அவரு என்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டாரு, அது தெரியும். ஆனா மனசு அங்க போய் உக்காந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கேலி செய்ய வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். அவள் உண்மையாகவே பயந்துபோயிருந்தாள்.

பயந்தவள் சும்மா இருப்பாளா? எதைக் கொண்டுவந்தாலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். சாம்பல் நிறம் என்றால் தூசி படிந்த மாதிரி இருக்கும் என்றாள். ஓரத்துத் தொங்கலை வளைவு வளைவாக வைக்கலாம் என்றால், காற்றில் படபடவென்று அடித்துத் தூங்க விடாது, நேராக வையுங்கள் என்றாள். மாடிக்குச் சுருட்டுகிற மறைப்பு கேட்டார்கள். கைப்பிடியைச் சுற்றினால் விரியும், திருப்பிச் சுற்றினால் மடங்கும். அதற்கு மட்டும் அக்கா குதித்தே விட்டாள்.

"அதெல்லாம் வேணாம். அது அடிக்கடி மாட்டிக்கும். மாட்டிக்கிட்டா உங்களைத்தான் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டாப் போறேன். அதுக்கென்ன?"

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நிலையான மறைப்பு என்றால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், கதவு திறக்கும்போது இடிக்குமா என்று திரும்பவும் அளக்க வேண்டும். திரும்பவும் போனார். திரும்பவும் டீ குடித்தார்.

கடைசியில் அக்காவே ஒரு நிறம் சொன்னாள். கரும்பச்சை. "மூணுக்கும் அதையே போடுங்க. அழுக்குத் தெரியாது, வெளுக்கவும் வெளுக்காது." என்னிடம் தனியாகச் சொன்ன காரணம் வேறு. அந்த மாடி குகை மாதிரி இருட்டாகிவிடும், அந்தம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் முகமே தெரியாது. அதைச் சொன்னபோது பல நாளுக்கப்புறம் சிரித்தாள். டாக்டரும் சரி என்றாள். அக்கா ஒரே மூச்சில் தைத்து முடித்தாள்.

மாட்டுகிற நாளில் தானும் வருவேன் என்று நின்றாள். ஓரத்தை அங்கேயே வைத்துத் தைக்க வேண்டியிருக்குமாம். ஒரு வேலையும் இருக்காது என்று எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். இரும்புக் கம்பி பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கம்பி தூக்கப் போகிறவள் கட்டுகிற புடவையா அது?

டாக்டர் அப்படி ஒன்றும் அழகியில்லை. அக்காவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், நரை ஓடியிருந்தது, களைத்த கண். அக்கா அவளைத் தலை முதல் கால்வரை அளந்தாள். துணியைக்கூட அவள் அப்படி அளந்ததில்லை.

மாமா மாடிச் சுவரில் ஏணி போட்டுத் துளை போட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் ஏணிக்குக் கீழே பேசுவது அவருக்குக் கேட்காது. டாக்டர் எங்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள் அக்காவிடம். "உங்களைப் பாக்கணும்னே இருந்தேன்."

"என்னையா? எதுக்கு?"

"நான் முதல் நாளே முடிவு பண்ணிட்டேங்க. நீலக் கோடு பாத்ததும் பிடிச்சுப்போச்சு. இவர்தான், 'வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்'னு போனார். மறுநாள் வந்து, 'வீட்ல வேணாங்கறாங்க'ன்னார். சரின்னு மஞ்சள் சொன்னேன். அதையும் வீட்ல வேணாம்னுட்டாங்க. நான் எதைச் சொன்னாலும் 'வீட்ல கேக்கணும்'. ஒரு கட்டத்துல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. இது என் வீடா, உங்க வீடா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏணியைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரை இந்த மாடிக்கு அனுப்பிவைத்தது யார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நீலத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் அவர் இரண்டாம் முறை டீ குடித்திருக்கவே மாட்டார்.

"இன்னொண்ணு" என்றாள் டாக்டர். "அவருக்குப் பின்பல்லுல சொத்தை இருந்தது. பேசறப்ப முகம் சுளிச்சார், நானே பிடிச்சு உக்கார வச்சுப் பாத்தேன். சாப்பிட்டதும் தேய்க்கச் சொல்லியிருக்கேன். தேய்க்கறாரா?"

"தேய்க்கறாரு" என்றாள் அக்கா, மெதுவாக. "வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க பயந்துடுவீங்களாம்."

துளை போடுகிற சத்தம் நின்று மறுபடியும் தொடங்கியது. டாக்டர் மாடியைச் சுற்றிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார். இந்த வீட்டை அவர்தான் நின்னு கட்டினார். ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னுகூட என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அடுத்தவங்க வீட்டுத் துணிக்குக்கூடப் பொண்டாட்டியைக் கேக்கற ஆளை நான் பாத்ததே இல்லைங்க. நீங்க குடுத்து வச்சவங்க."

அவள் அப்படிச் சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அம்மை வந்த என்னை, தலையணையைத் தூக்குவதற்கு முன்னால், அக்கா பார்த்த அதே பார்வை. அக்காவுக்கும் அது தெரிந்துவிட்டது. பொறாமை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனால் அது அவளை நோக்கி யார் கண்ணிலிருந்தும் அதுவரை வந்ததில்லை.

பாவம் என்று அவள் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அவரு எப்பவும் அப்படித்தாங்க. என்னைக் கேக்காம ஒரு ஆணி அடிக்கமாட்டாரு" என்றாள். என் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிஷம் அவளுக்குத் தேனாக இனித்தது.

மறைப்பை மாட்டி முடித்துக் கீழே போய்த் தெருவிலிருந்து பார்த்தோம். வெள்ளைச் சுவரில் கரும்பச்சை அத்தனை எடுப்பாக இருந்தது. மாடியில் குகையும் இல்லை, இருட்டும் இல்லை; நல்ல குளிர்ச்சியான நிழல். மாமா இதுவரை மாட்டியதிலேயே அழகான வேலை அது. எரிச்சலில் தேர்ந்தெடுத்த நிறம் இப்படி அமைந்துபோனதில் அக்காவுக்குப் பெருமைப்படுவதா நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

வண்டி பாதி வழி வந்ததும் அக்கா மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்துக்கும் எதுக்கு என்னைக் கேட்டுட்டு இருந்தீங்க?"

"தைக்கறது நீதானே? உனக்குப் பிடிக்காததை எப்படித் தைக்கச் சொல்றது?"

"அப்ப நம்ம வாசலுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டே போனான்.

"நீதான் வெயில்ல முதுகைக் காட்டிக்கிட்டு உக்கார்றே. முதுகுவலிக்கு அது இதமா இருக்குன்னு நெனச்சேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் இவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் இத்தனை வெயில் காய்ந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் வழக்கம்போல உள்ளே மெஷின்மேல் இருந்தது. மாமா சாவியைக்கூட வைக்கவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். வாடிக்கைக்காரரிடம் கேட்பது போலவே கேட்டார்.

"என்ன கலரும்மா வேணும்?"

அக்கா ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து நீலக் கோட்டுச் சுருளை இறக்கினாள்.

"இதா? இது வெளுத்துப்போகும்னு நீதானே சொன்னே?"

"வெளுக்கட்டும்."

"தொங்கல்?"

"வளைவா."

"காத்துல அடிக்குமே."

"அடிக்கட்டும்."

மாமா அளந்தார். அக்கா சுருளை விரித்துத் துணியைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, அந்த டாக்டரம்மா இந்தப் பக்கம் எப்பவாவது வருவாங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதான். வந்தா பாப்பாங்கல்ல."