பால் டின்னில் ஓட்டை போட்டவள்

வெள்ளைக்காரர் ஆண்ட மலாய் நாட்டில், அவசரகாலத்தின்போது, பாடாங் செராய் கடைகளில் டின்னில் அடைத்த எதையும் அப்படியே விற்கக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேராமல் தடுக்க அரசாங்கம் போட்ட சட்டம் அது. வாங்குகிறவர் கண் முன்னாலேயே கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னை நாள்பட ஒளித்து வைக்க முடியாதல்லவா!

என் தோழி அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் கடையை மொய்க்கும்போது அவசரத்தில் அடி பிசகும். மத்தி மீன் சாறு எதிரில் நிற்பவர் மேல் தெறிக்கும். ஒருநாள் என் அம்மாவின் முறை.

"ஐயோ பாய், கைப்புள்ளைக்கு வாங்குன பாலு, பாதிய என் சேலை குடிச்சிருச்சே!"

"நான் என்னம்மா செய்றது? சட்டம் போட்டவன் சுத்தியல புடிச்சுப் பாத்ததில்ல."

மீதிப் பால் தோட்டத்துக்கு நடந்து போகும் வழியெல்லாம் பைக்குள் ஒழுகியது.

தோழியும் நானும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. கணக்கில் அவள்தான் எப்போதும் முதல். பெரிய மனுஷியானதும் அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பவரின் மகளான நான், என் அப்பாவின் பிடிவாதத்தால் சுங்கைப் பட்டாணியில் ஆங்கிலப் பள்ளிக்குப் பஸ் ஏறினேன். பிற்பகலில் திரும்பி வந்ததும், தோட்டத்து லாரி வரும்வரை அவர்கள் கடையின் பின்கட்டில் காத்திருப்பேன். முள்வேலிக்குள் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு ஊரடங்கு தொடங்குவதற்குள் போய்விட வேண்டும்.

அப்படிக் காத்திருந்த ஒருநாள், அவள் தரையில் உட்கார்ந்து பெட்டிப் பலகை ஒன்றில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு பலகை, மேலே நீளமான இன்னொரு பலகை, இரண்டையும் ஒரு முனையில் கதவுக் கீல் இணைத்திருந்தது. மேல்பலகையின் மறுமுனையில் கூராக்கிய ஆணி. ஆணிக்கு அடியில் டின்னை வைத்து அமுக்கினால் ஓட்டை விழ வேண்டும். விழவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தொங்கியும் டின் நசுங்கியதுதான் மிச்சம்.

அந்த வாரம்தான் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடந்திருந்தது. எனக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய நாலு வரி, அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்து அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஆணிய கீலுக்குக் கிட்ட கொண்டு போனா, நாம அமுக்குற பலம் கூடுமாம்."

"எவ்வளவு கிட்ட?"

"அதுக்கு ஒரு கணக்கு இருக்கு."

"அப்ப போடு லா. என்னாத்துக்குப் பாத்துக்கிட்டிருக்க?"

போட்டோம். ஆணி கீலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வந்தது. இப்போது ஒரு கையால் அமுக்கினாலே இறங்கியது. ஆனால் சாய்வாக இறங்கித் தகரத்தைக் கிழித்தது. புத்தகத்தைப் புரட்டினேன், அதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. பலகையைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தாள். பிறகு கீலுக்கு அடியில் பால் டின் உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து அடித்தாள். இம்முறை ஆணி நேராக இறங்கிச் சின்னதாக, சுத்தமாக ஒரு ஓட்டை போட்டது. மத்தி டின் குட்டையாயிற்றே என்றேன். அதற்கு அடியில் வைக்க ஒரு துண்டுப் பலகையை முன்பே அறுத்து வைத்திருந்தாள்.

அதுவரை எஞ்சினியர் என்றால் எனக்கு, ரப்பர் ஆலையின் இயந்திரத்தைப் பார்க்க மோட்டாரில் வரும் வெள்ளைக்காரர்தான். அன்றைக்குத்தான் அது ஓர் ஆளின் நிறமோ உடுப்போ அல்ல, ஒரு வேலை என்று புரிந்தது.

அடுத்த வாரம் கடைகளைச் சோதிக்க மலாய் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். கடை மேசையில் இருந்த எங்கள் பலகையில் தானே ஒரு டின்னை வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"பாகுஸ்! சியாபா புவாட்?" நல்லா இருக்கு, யார் செய்தது என்று கேட்டார்.

அத்தா பின்கட்டுத் திரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "சாயா," என்றார். மலாயில், நான்தான் என்று அர்த்தம்.

திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கோபம் பொங்கியது. அவள் புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"ஏன்டி சும்மா இருக்க? நீதானே செஞ்ச?"

"சொன்னா மட்டும் என்னையக் கூப்பிட்டுப் பேசப் போறாங்களா? அத விடு. அடுத்த பாடம் கொண்டாந்தியா?"

அன்றிலிருந்து நான் படித்த பாடமெல்லாம் அவளும் படித்தாள். அவள் கேட்கிற கேள்விக்குப் பயந்தே நான் வகுப்பில் கவனமாக இருந்தேன்.

பள்ளி இறுதியில், மருத்துவமனைத் தாதி வேலைக்கு மனுப்போடச் சொன்னார் தலைமையாசிரியை. எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றேன். அங்கே வேறு பெண்ணே இருக்க மாட்டாள், தனியாகச் சமாளிப்பாயா என்று கேட்டார். எனக்கும் நிச்சயமில்லை. பின்கட்டில் போய்ச் சொன்னேன்.

"நீ நர்சாப் போயிட்டா நான் யார்கிட்ட பொஸ்தகம் வாங்குறது?" என்றாள் அவள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அப்பா மனுவில் கைநாட்டு வைத்தார். கோலாலம்பூரில் கல்லூரிக்குப் போனேன். முதல் வருடம் முழுக்க, பட்டறையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்ய யாரும் வரவில்லை. பாடக்குறிப்புகளை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை அவளுக்குத் தபாலில் அனுப்புவேன். பதிலுக்கு அவளிடமிருந்து கேள்விகள் வரும். சிலவற்றை என் விரிவுரையாளரிடம் கேட்டேன், என் கேள்வி போலவே. அத்தா செய்ததை நானும் செய்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

நான் எஞ்சினியரானேன். அவளைப் பெண்டாங்கில் ஓர் அரிசி ஆலைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆலை நின்றுபோனால் அலோர் ஸ்டாரிலிருந்து மெக்கானிக் வர இரண்டு நாளாகும். அதற்குள் அவளே பிரித்து ஓட விட்டுவிடுவாளாம். பிறகு சுற்றியிருந்த ஆலைக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள்.

பல வருடம் கழித்து, பாக்கார் ஆராங்கில் ஒரு பள்ளியில் பெண்பிள்ளைகளிடம் எஞ்சினியரிங் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். அவளையும் கூட்டிப் போனேன். பலகை, கீல், கேள்விகள் எல்லாவற்றையும், இவள் செய்தது, இவள் கேட்டது என்று பிள்ளைகள் முன்னால் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஒரு பெண் எழுந்தாள். "ஆன்ட்டி, நீங்களும் படிச்சிருந்தா என்ன ஆயிருப்பீங்க?"

"இதே வேலைதான் லா செஞ்சிருப்பேன். சம்பளம் குடுத்திருப்பாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "அதனால நீங்க படிங்க," என்றாள்.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் அவளைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி நோட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவள் மேசைமேல் குனிந்து ஏதோ வரைந்து காட்டத் தொடங்கினாள். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.