நம்மாளு வெட்டிய குளம்

கண்டிக் குளத்தங்கரையில் நின்று வாய் ஓயாமல் பேசுவதுதான் என் தொழில். தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களுக்கு நான் வழிகாட்டி. முன்பு இங்கே குளமே கிடையாது, வெறும் வயல்தான் என்பேன். வயலை மறித்துக் குளமாக்கிய கடைசி ராஜா தென்னாட்டு வம்சம், தமிழ் பேசியவர், உங்கள் வேலூரில்தான் சிறையிருந்து செத்தார் என்பேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, “நம்மாளு கட்டுன குளங்க இது!” என்று முடிப்பேன். கைதட்டல் நிச்சயம். அதற்கு நான் அடிமை என்பதை மறைப்பானேன்?

போன வருடம் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். மருந்து வாங்கியபின் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் குளத்தடிக்குக் கூட்டிவந்தேன். தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவள் அவள். நான் பார்க்கும் வேலையை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் வாயால் ஒரு ‘சபாஷ்’ வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரே துடிப்பு.

முகில்போல ஏறியிறங்கும் கரை மதிலைக் காட்டினேன். அதிலுள்ள முக்கோணப் பொந்துகள் விளக்கு வைப்பதற்கு என்றேன். மதில் குளத்தை முழுதாகச் சுற்றவில்லை. கட்டி முடிப்பதற்குள் வெள்ளைக்காரன் ராஜாவைப் பிடித்துவிட்டான். அதையும் சொல்லி, கடைசியில் என் கைதட்டல் வசனத்தை எடுத்துவிட்டேன்.

அக்கா தட்டவில்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பார்த்தாள்.

“இம்புட்டு மண்ணையும் யாரு தம்பி வெட்டுனது?”

“ஊரு சனந்தான்க்கா. ராஜா கூப்பிட்டா கூலி இல்லாம வரணும்.”

“வரலன்னா?”

இதை நான் எந்தக் கூட்டத்துக்கும் சொன்னதில்லை. வர மறுத்தவர்களைக் குளத்தின் அடிமண்ணிலேயே கழுவேற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அக்காவிடம் மழுப்ப வரவில்லை; சொல்லிவிட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கொழுந்துக்கறை ஏறிய விரல்களால் மதிலைத் தொட்டாள்.

“அப்ப அடியில கெடக்குறவங்கதான்டா நம்மாளு.”

பரம்பரையாக மண்வெட்டி பிடித்த, தோட்டத்துக் கூலிவரிசை லயத்தில் குடியிருந்த குடும்பத்தில் பிறந்த நான், நாலு பேர் கைதட்டுகிறார்கள் என்று ராஜாவுக்குச் சொந்தக்காரனாகி இருந்தேன். வெட்கமாக இருந்தது. அவளைப் பஸ் ஏற்றும்வரை வேறு ஏதேதோ பேசிச் சமாளித்தேன்.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு கூட்டம். அதே இடம். பழைய வசனம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அக்கா கேட்ட கேள்வியையும் அந்தக் கதையையும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்டார்.

சாயந்திரம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“இன்னைக்கு ஒருத்தரும் கை தட்டலக்கா.”



“சொல்லும்போது செருப்பக் கழட்டுனியா?”

“கழட்டுனேன்க்கா.”

“அப்ப நல்லாத்தான் சொல்லிருப்ப,” என்றாள்.