இரண்டு அடி வளர்ந்த சப்பரம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று ஞாயிறாகச் சும்மா இருந்தேன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் அழகைப் பற்றியும் ஆண்டவரைப் பற்றியும் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்பதற்காகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இத்தாலியில் ஒரு மலையூர் மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளுகிறேன். திருவாதவூர்ப் பக்கம் அள்ளிய அதே சாணிதான், இங்கே கையுறை தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் மாதா கோயிலில் பூசை. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க வானதூதர்கள், எண்ணி முடியாது. கீழே பார்த்தால் பதினோரு கிழவிகள், எண்ணி முடித்துவிடலாம். பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அரை மணி கழித்து ரொட்டிக்கடை வரிசையில் என்னைத் தூணைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பூசை முடிந்ததும் டூரிஸ்ட்டுகள் காமிராவோடு நுழைவார்கள். நான் முழங்கால் போடும் பெஞ்சுக்கு நேர் எதிரில்தான் பேர்போன மாதா படம். வாரம் தவறாமல் யாராவது ஒரு அம்மா கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவாள். தள்ளிக்கொள், அழகை மறைக்கிறாய் என்று அர்த்தம். இந்த ஊர்ப் பேச்சைப் படிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அந்தக் கையசைப்பு மட்டும் வந்த அன்றே புரிந்துவிட்டது. அது நம் ஊரிலேயே படித்த பாடம்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மதுரையிலிருந்து திருவாதவூர் போகிற பஸ்ஸில் ஏறி இடையில் இறங்க வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் கோயில். நாங்கள் கீழத்தெரு. மாதா திருவிழாவன்று மாலையில் சப்பரத்தைத் தோளில் தூக்கிப் பவனி வருவார்கள். மேலத்தெருவில் ஒரு வாசல் விடாமல் நிற்கும். கீழத்தெரு முக்குக்கு வந்ததும் மூச்சு வாங்குவதுபோல ஒரு நிமிஷம் நின்று, திரும்பிவிடும். தூக்குகிற தோளிலும் எங்கள் தோள் கிடையாது. மேலத்தெருக்காரர்கள் வாசலில் நின்றபடியே சப்பரத்தின்மேல் நேர்ச்சையாக உப்பும் மிளகும் போடுவார்கள். நாங்கள் முக்கில் கூட்டமாக நின்று எறிய வேண்டும். அம்மா எறிவது பாதித் தூரத்தில் விழுந்துவிடும்.

"எட்டலயே, ஆத்தா" என்று கிண்டல் செய்வேன்.

"எட்டாட்டி என்னடா, பாதையிலதான கெடக்கு. மிதிச்சுட்டுப் போகட்டும், காலுக்கு நல்லது" என்பாள்.

சப்பரம் ஏன் உள்ளே வராது என்று கேட்டால், கமிட்டித் தலைவர் ஞானப்பு ஐயா சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் கண்ணியமானவர். அழகைப் பற்றித்தான் பேசுவார். "டே, உங்க தெருவுல கரண்டு வயரு தொங்குது. கிரீடத்துல தட்டுச்சுன்னா ஜோடனை அம்புட்டும் போச்சு. மாதா அழகு கெட்டுப்போகும்டா."

ஒரு வருஷம் கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி, நிறையப் படிப்பு. திருவிழாவுக்கு முந்தைய நவநாள் பிரசங்கத்தில் சொன்னார்: "அழகு பாக்குறவன் கண்ணுல இல்லங்க. ஆண்டவர் படைச்ச பொருள்லயே இருக்கு. நீங்க பாக்காம மொகத்தத் திருப்பிக்கிட்டாலும் அது அழகுதான். மனுசனோட மதிப்பும் அப்படித்தான், யாரும் குடுக்குறதில்ல, யாரும் எடுக்கவும் முடியாது." கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த அருளு, என் கூட்டாளி, காதைக் கடித்தான். "அப்ப வயரு பட்டாலும் கொறையாதுல்ல மாப்ள?"

பூசை முடிந்து அதையே சாமியாரிடம் கேட்டேன். "சாமி, நீங்க சொன்னது எங்க தெருவுக்கும் சேத்துத்தானா?"

"எல்லாருக்கும்தான் தம்பி. ஆனா கமிட்டியக் கலந்துக்கணும்" என்றார். ஆண்டவர் உலகத்தைப் படைத்தபோது எந்தக் கமிட்டியைக் கலந்தார் என்று கேட்க வாய் வந்தது. பூசை உடுப்பில் இருந்தார் என்று விட்டுவிட்டேன்.

அப்போது நான் திருப்பரங்குன்றத்தில் ஒரு வயரிங் மேஸ்திரியிடம் எடுபிடி. எனக்குத் தெரிந்த ஒரே இறையியல் வயர்தான். எழுத்துப் பிழையோடு மனுமேல் மனு எழுதி, லைன்மேன் அண்ணனை விடாமல் நச்சரித்து, இரண்டு போஸ்ட் கூடுதலாக நடவைத்து, தெரு முழுக்க வயரை உயரத் தூக்கவைத்தோம். வேப்பமரத்தில் தாழ்ந்திருந்த கிளையை வெட்டினோம். திருவிழாவன்று வாசலுக்கு வாசல் கோலம். பிறந்ததிலிருந்து முக்குக்கே போய் நின்ற அம்மா, அன்றைக்குத்தான் சொந்த வாசலில் உப்பு மிளகோடு நின்றாள்.

சப்பரம் முக்குக்கு வந்தது. நின்றது. அண்ணாந்து பார்த்தோம். இரண்டு அடி வளர்ந்திருந்தது.

"என்னங்கய்யா, சப்பரம் ஒசந்துருச்சு?" என்றேன்.

"அழகுக்குடா" என்றார் ஞானப்பு ஐயா. "பழசு குட்டையாத் தெரிஞ்சுச்சு."

"மாதாவுக்கு இன்னும் வளர்ற வயசுன்னு எங்களுக்குத் தெரியாதுங்கய்யா" என்றான் அருளு. மேலத்தெருப் பயல்களே சிரித்துவிட்டார்கள். ஐயா சிரிக்கவில்லை. சப்பரம் திரும்பிப் போனது. கொட்டுச் சத்தம் அடங்கும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் உப்பை உப்பு ஜாடியிலும் மிளகை மிளகு டப்பாவிலும் போட்டாள். மறுநாள் ரசம் வைத்தாள்.

சாமியார் சொன்னதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். சொன்னவரைவிட நான்தான் அதிகம் நம்புகிறேன் என்று நினைக்கிறேன். அழகு பொருளிலேயே இருக்கிறது என்றால், கீழத்தெருச் சாக்கடையைத் தாண்டினாலும் அது கூடவேதான் வரும். தாண்டினால் கெட்டுப்போகும் என்றால், அதுவரை தூக்கிக்கொண்டு வந்தது என்ன, சீரியல் பல்பா?

இங்கே போன மாதம் மாதா திருவிழா. மாதா சிலையை, அதாவது சுரூபத்தைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவருக்கு இடுப்பு ஆப்பரேஷன். பண்ணையில் என்னை வேலை வாங்கும் கிழவர் ரென்சோ, கொட்டகைக்கு வந்து ஒரு கம்பை என் தோளுக்கு நேராக வைத்து அளந்தார். எங்கோ தள்ளி நிற்கச் சொல்லத்தான் அளக்கிறார் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு உடைந்த இத்தாலியனில் சொன்னேன்: நான் கீழத்தெரு, எங்கள் ஊரில் எங்களைத் தூக்கவிட மாட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரு எதற்கு? உயரம் சரியாக இருக்கிறது" என்றார். என் துக்கத்தில் ஒரு துளிகூட அவருக்கு விளங்கவில்லை. பாசம் என்றும் ஏமாந்துவிடாதீர்கள். ஆள் கிடைக்காததால் வந்த சமத்துவம். ஆனாலும் தோளைக் கொடுத்தேன்.

பழைய கோட்டைவாசல் ஒன்றைத் தாண்டித்தான் பவனி போக வேண்டும். சுரூபத்தின் கிரீடம் வாசலைவிட ஒன்றரைச் சாண் உயரம். எனக்குப் பழக்கமான இடம். இங்கே நின்று திரும்பிவிடுவார்கள் என்று காலைத் திருப்பத் தயாரானேன். "ஜூ" என்றார் ரென்சோ. கீழே என்று அர்த்தம். எட்டுப் பேரும் ஒன்றாக முழங்காலை மடித்துக் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். மாதா வாசலைத் தாண்டினாள், நிமிர்ந்தோம். அழகு ஏதும் கொட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு பூகூட விழவில்லை. பிறகு ரென்சோவிடம், இந்த வாசலை உயர்த்திக் கட்டினால் என்ன என்று கேட்டேன். மாட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "முழங்கால் எதற்கு இருக்கிறது?"

அடுத்த வாரம் எங்கள் ஊரில் திருவிழா. இந்த வருஷம் அம்மாவின் முழங்கால் போய்விட்டது, முக்குவரை நடக்க முடியாது. சப்பரம் உள்ளே வந்தால்தான் அவளுக்கு மாதா. அதனால் பவனியில் ஒருவர் எடுத்திருந்த, நாங்கள் குனிகிற வீடியோவை அருளுவுக்கு அனுப்பினேன். ஞானப்பு ஐயாவிடம் காட்டு, வயரையும் தொட வேண்டாம், கிரீடத்தையும் தொட வேண்டாம், முழங்காலை மட்டும் கொஞ்சம் தொடச் சொல் என்று எழுதினேன். அன்று இரண்டு மணி நேரம் தூக்கியதில் வலது தோள் கன்றி, இன்னும் கறுத்துக் கிடக்கிறது. இடது தோளை ஊருக்கென்று வைத்திருக்கிறேன். அதில் இதுவரை எதுவும் ஏறவில்லை.

இன்று காலை அருளு பதில் போட்டிருந்தான்:

"காட்டிட்டேன் மாப்ள, மேலத்தெரு குனியாதாம், குனியணும்னா கீழத்தெருப் பயலுகளே தூக்கிக்கட்டும்னுட்டாரு; தூக்கவா, வேணாமா?"