வாசித்துக் காட்டிய பிறகுதான்

"ஒரு வரி முடிஞ்சுது. புரியுதா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். தலையை ஆட்டினால் போதாது. "தலை எல்லாத்துக்கும் ஆடும். என்ன புரிஞ்சுதுன்னு உங்க வாயால சொல்லுங்க," என்பார். எதிரே நிற்பவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய சுட்டுவிரல் மனுவின் அடுத்த வரிக்கு இறங்கும்.

அவர் நீதிமன்றத்தின் பதிவாளர். மனுக்களை வாங்கி, சரிபார்த்து, முத்திரை வைத்து, நீதிபதிகளின் மேசைக்கு அனுப்புகிற அதிகாரி. வக்கீல் குமாஸ்தாக்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'புரியுதா அம்மா'. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு குமாஸ்தா வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "புரியுது, சொல்லுங்க," என்றார் பதிவாளர், தலை நிமிராமல்.

குள்ளமான உருவம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. கீழே ஒரு பழைய மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் பாதங்களை வைத்திருப்பார். மேசையின் ஒரு பக்கம் பித்தளை முத்திரை. மறுபக்கம் மைப் பேடு, சின்னச் சீசாவில் எண்ணெய், ஒரு கந்தல் துணி. எண்ணெயும் துணியும் என்னைப் போன்ற கைநாட்டுக்காரர்களுக்கு. ரேகை வைத்ததும் விரலைப் பிடித்து அவரே துடைத்துவிடுவார். அவர் வருவதற்கு முன் எல்லோரும் சுவரில்தான் துடைத்தார்களாம். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், இன்னும் நீலக் கறைகள் தெரிகின்றன. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் மேலே வந்துவிடுகின்றன.

எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் தங்கள் காரணத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்வது நான் கண்டதை.

நானும் என் கணவரும் கட்டிய வீட்டை, அவர் இறந்துபோன பிறகு, கொழுந்தனார் தன் வீடு என்கிறார். அதற்காகத்தான் மனு. வக்கீலின் குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டுவந்தார். "சும்மா ரேகையை வச்சுட்டு வாங்க பெரியம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார். பதிவாளர் விடவில்லை. முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது பத்தியில் விரல் நின்றது.

"'மேற்படி வீட்டில் நான் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன்.' புரியுதா?"

"யாரு வாடகைக்கு?" என்றேன்.

"நீங்கதான். அப்படித்தான் இதுல இருக்கு."

"அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவ நான். எனக்கு நானே வாடகை குடுக்கறேனா?"

குமாஸ்தாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வேறு யாருடைய பழைய மனுவையோ மாதிரிக்கு வைத்துக்கொண்டு, பெயரையும் விலாசத்தையும் மாற்றி அடித்திருக்கிறார். அந்த ஒரு பத்தியை மாற்ற மறந்துபோனார். மனுக்களெல்லாம் இப்படித்தான் ஒன்றின் வயிற்றிலிருந்து இன்னொன்று பிறக்கின்றனவாம். அன்றைக்கு நான் விரலை வைத்திருந்தால், கொழுந்தனாருக்கு வேறு சாட்சியே வேண்டாம். என் மனுவையே எடுத்து நீட்டியிருப்பார்.

பதிவாளர் யாரையும் திட்டவில்லை. "திருத்திக் கொண்டாங்க. மறுபடியும் வாசிக்கறேன்," என்றார்.

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்றார் குமாஸ்தா.

"முதல்லேர்ந்துதான். இன்னும் எங்கெங்க இவங்களைக் குடி வச்சிருக்கீங்களோ."

இந்த வாசிப்புதான் நீதிபதிகளுக்கு ஆகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் மனு கொடுத்தால், அடியில் ஒரு வரி இருக்கும்: 'அவர் அறிந்த மொழியில் வாசித்துக் காட்டினேன், விளங்கியதாகச் சொன்ன பின் என் முன்னிலையில் ரேகை வைத்தார்.' அதன் கீழே பதிவாளர் கையெழுத்திட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து விதி. முன்பிருந்த பதிவாளர்கள் வாசிக்காமலே கையெழுத்திட்டார்கள். அந்த வரியையும் கையெழுத்தையும் சேர்த்து ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து வைத்திருந்தார்கள். இவர் வந்த முதல் வாரமே அந்த ஸ்டாம்பை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பொறுத்துப் பார்த்த நீதிபதிகள் கடைசியில் ஓர் உத்தரவு அடிக்கச் சொன்னார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும்; மாட்டேன் என்றால் பதவி போகும், கீழ்த்தளத்தில் பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கும் வேலைக்குப் போக வேண்டும். டைப் அடிப்பவர் மூலம் சேதி, உத்தரவு வர ஒரு வாரத்துக்கு முன்பே கசிந்துவிட்டது. அவர் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் பாக்கி. சேதி கசிந்த அன்று மாலை நீதிமன்ற வாசலில் நான் பேருந்துக்கு நின்றபோது, ஸ்கூட்டரோடு காத்திருந்த அவருடைய கணவர் சொன்னது என் காதில் விழுந்தது. "பதினாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன குறைஞ்சு போகுது உனக்கு?"

"அதான் உங்க வாய் ஓடுதே. வண்டியும் ஓடட்டும், கிளப்புங்க," என்று சொல்லிப் பதிவாளர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

போன வியாழக்கிழமை, திருத்திய மனுவோடு நான் அவர் எதிரே நின்றேன். மூன்றாவது பத்தி வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு நீதிபதிகளும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளிப் பூண் போட்ட கோலோடு சேவகர்.

"மணி பதினொண்ணு ஆச்சும்மா. இன்னும் ஒரு கட்டுகூட மேசைக்கு வரல," என்றார் பெரிய நீதிபதி. "நீங்க இங்க கதை படிச்சுக்கிட்டிருக்கீங்க."

"கதை இல்லீங்க ஐயா, மனு."

சின்ன நீதிபதி தணிவாகப் பேசினார். "இதெல்லாம் வெள்ளைக்காரன் வச்ச சடங்கும்மா. அவனே போயிட்டான்."

"அவன் போயிட்டான். கைநாட்டு போகலையே ஐயா. இதோ நிக்கறாங்க," என்று என்னைக் காட்டினார். "உங்களுக்கு முன்னாடி கோல் பிடிச்சு நடக்கறதுகூட அவன் வச்சதுதான். அதை நாம விடலையே."

சேவகர் கோலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"முன்ன இருந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க," என்றார் பெரியவர்.

"அந்த வரியை அடிச்சுடுங்க ஐயா, இப்பவே வாயை மூடிக்கறேன். வரி இருக்கற வரைக்கும், வாசிக்காம வாசிச்சேன்னு எழுத மாட்டேன்."

வரியை அடிக்க அவர்களால் ஆகாது. அதை உயர் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். பெரிய நீதிபதி என் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, வக்கீல் சரியாத்தான் எழுதியிருப்பாரு. ரேகையை வச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து இறுக்கிக்கொண்டேன். "போன தடவை என் வீட்லயே என்னை வாடகைக்கு வச்சுட்டாங்க ஐயா. இந்தத் தடவை வித்தே இருப்பாங்க. அந்தம்மா வாசிக்கட்டும்."

பெரிய நீதிபதி கையிலிருந்த உத்தரவை மேசையில், என் மனுவின் மேலேயே வைத்தார். "படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க."

பதிவாளர் அதைத் தொடவில்லை. பேனாவை மூடி இழுப்பறைக்குள் போட்டார். மைப் பேடை முன்னால் இழுத்து மூடியைத் திறந்தார். தன் இடது கட்டைவிரலை அதில் அழுத்தி, எங்களுக்கெல்லாம் செய்வதுபோலவே ஓரம் ஓரமாக உருட்டி எடுத்தார்.

"எனக்கும் வாசிச்சுக் காட்டுங்க ஐயா. வரிக்கு வரி."

நீல விரல் உத்தரவுக்கு மேலே நின்றது. சின்ன நீதிபதி பெரியவரைப் பார்த்தார். யாரும் தாளை எடுக்கவில்லை. மை காய்ந்துபோவதைக் கவனித்த பதிவாளர், விரலை மறுபடியும் பேடில் ஒற்றி எடுத்து, அதே இடத்தில் பிடித்துக்கொண்டார்.