மாமா மீன் சுட்ட நாள்

நெருப்பு மூட்டி மீன் சுடுவது எப்படி என்று எங்கள் மீனவக் கிராமமான இறக்கக்கண்டியின் ஆட்களுக்குக் காட்டித் தருவதற்காக மாமா கனடாவிலிருந்து வந்திருந்தார். அப்படி அவர் சொல்லவில்லை; ஆனால் அந்த ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் வளவில் நடந்தது அதுதான். வெல்டிங் கடையில் ஒரு தகரப் பீப்பாயை நெடுக்காக வெட்டுவித்து, மேலே கம்பித் தட்டு ஒன்றைப் போட்டு, "பாபிகியூ" என்றார். எட்டு வயதுப் பெண்ணான எனக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இருக்க முடியாது.

அம்மாவுக்கு அது கொண்டாட்டமாகப் படவில்லை. தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும் மாதம் அது. வளவின் ஒரு பக்கம் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த கொட்டில். அதற்குள் அப்பாவின் வலைகள் அத்தனையும், படகின் எஞ்சினும் இருந்தன. அவை போனால் எங்கள் அடுப்பில் உலை ஏறாது. பீப்பாயைக் கடற்கரைப் பக்கமாக வெறும் மணலில் வைக்கச் சொன்னார் அம்மா; பொறி பறந்தாலும் காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். போதாததற்கு இரண்டு வாளி மணலும், தண்ணீரில் ஊறவைத்த இரண்டு சாக்கும் எடுத்து வைத்தார். மாமாவுக்குச் சிரிப்பு.

"தங்கச்சி, நான் மீன் சுடத்தான் போறன். ஊரைக் கொளுத்த இல்லை."

"ஓம் அண்ணை, நீங்கள் சுடுங்கோ. சாக்கு அதுபாட்டில கிடக்கட்டும்," என்ற அம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ இந்த வாளியளை விட்டு அசையக்கூடாது."

நான் அசைவேனா? இரண்டு வாளிக்கும் நடுவில் காலை அகட்டி நின்றேன். ஒரு பிடி மணலை அள்ளிய என் அண்ணனை, கடைசித் துகள் வரை திருப்பிப் போடவைத்தேன்.

காற்று கரியைப் பற்றவிடவில்லை. ஒரு தீப்பெட்டி முழுவதும் தீர்ந்த பிறகு, அம்மா சமைக்கக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, மாமாவும் அப்பாவும் பீப்பாயைக் கொட்டிலின் மறைவுக்குத் தூக்கிப் போனார்கள். நானும் வாளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். வாளியை விட்டு அசையாதே என்பதுதானே உத்தரவு.

அங்கே கரி புகைந்ததே தவிரச் சிவக்கவில்லை. எங்கள் பக்கத்துப் படகு எஞ்சின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. அதனால் கொட்டிலில் எப்போதும் இரண்டு கான் இருக்கும்: பெரியதில் மண்ணெண்ணெய், சின்னதில் பெற்றோல். இது எனக்குக்கூடத் தெரியும். பதினேழு வருடம் கனடாவில் இருந்த மாமாவுக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் என்று நினைத்து, கைக்குப் பாரமில்லாத சின்னதை எடுத்துவந்தார்.

"மாமா, அது பெற்றோல்," என்றேன். கேட்கும்படி சொன்னேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

ஊற்றிய வழியே நெருப்பு மேலேறிக் கானைப் பிடித்தது. மாமா கையை உதறினார். கான் கொட்டில் வாசலில் போய் விழுந்து எரிந்தது. அப்பா கிணற்றடிக்கு ஓடித் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"தண்ணி ஊத்தாதேங்கோ. பெற்றோல், பரவிப்போடும்."

அம்மாவின் குரல். குசினியிலிருந்து ஓடிவந்தவர், வழியில் பழைய இடத்திலேயே கிடந்த ஈரச் சாக்குகளை அள்ளி, ஒன்றை விரித்து எரிகிற கானின் மேல் போட்டுக் கையால் அமுக்கினார். "பிள்ளை, மணல்," என்றார். நான் ஒரு வாளியைக் கவிழ்த்தேன்; மற்றதையும் கவிழ்த்தேன். கூரையைத் தொட்ட தீயை அம்மா மற்றச் சாக்கால் அடித்தார். கருகியது ஒரு கிடுகின் நுனி மட்டும். அவ்வளவு துணிச்சலான ஒருவரை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. ஆனால் அன்று எனக்கிருந்தது என்னைப் பற்றிய பெருமைதான்.

மாமா கதிரையில் போய் உட்கார்ந்தார். "தங்கச்சி, உனக்கு ஒண்டும் இல்லையே?"

"எனக்கொண்டும் இல்லை அண்ணை. இவள்தான் அணைச்சவள்," என்று சொல்லிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போன அம்மா வெகுநேரம் வரவில்லை.

மீன் குசினியில் பொரிந்தது. மாமா கனடாவுக்கு ஃபோன் எடுத்து, மருமகள் நெருப்பை அணைத்த கதையைச் சொன்னார். அயலுக்கெல்லாம் நான் சொன்னேன். மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது நெருப்பு தென்னை உயரத்துக்கு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அம்மா, மாமா கொண்டுவந்த நீளக்கைச் சட்டையோடுதான் திரிந்தார். அந்த வெக்கையிலும் கழற்றவில்லை. மாமாவுக்குப் புளுகம், அவ்வளவு சந்தோஷம். தன் உடுப்பு தங்கச்சிக்குப் பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னார். தினமும் காலையில் சந்தைக்கு என்று நிலாவெளிக்கு பஸ் ஏறி, வெறும் பையோடு திரும்பிவந்தார் அம்மா.

பத்தாம் நாள் மாமாவின் வான் கொழும்புக்குப் புறப்பட்டது. அது மறைந்த பிறகுதான் அம்மா அந்தச் சட்டையைக் கழற்றினார். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நிலாவெளி ஆஸ்பத்திரியில் கட்டிய மருந்துத் துணி.

"மாமாவுக்கு ஃபோனில சொல்லிப்போடாதே. மனம் நொந்து போவார்," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நெருப்பை நான்தானே அணைச்சனான்? உங்களுக்கு எப்பிடிச் சுட்டது?" என்று கேட்டேன்.

அம்மா என் தலையைத் தடவினார்.

"ஓம் பிள்ளை, நீதான் அணைச்சனீ."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளையாடப் போனேன்.